லேபிள் பாயின் சட்டையை யாரும் படிக்கவில்லை

"திடீர் உடல்நலக் குறைவால் காலமானார்" என்று எழுதியிருந்தது. லேபிள், ஜிப், பட்டன் விற்பவர்களும் வாங்குபவர்களுமாக நாங்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. மேலே ரபீக் பாயின் புகைப்படம், கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நான் அப்போது அலுவலகத்தில் ஒரு குழந்தைச் சட்டையின் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, காலர் கோணலாக இருக்கிறது என்று தையல் மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சட்டையைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடியும் படித்தேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது.

உடல்நலக் குறைவாம். அந்தக் குறை பாய்க்குப் பல வருடங்களாக இருந்தது. அதை வைத்துக்கொண்டே தொழில் நடத்தினார், மகளுக்குக் கல்யாணம் செய்தார், மக்காவுக்குப் போய்வந்தார், ஊரில் பாதிப் பேரோடு சண்டை போட்டார். அது அவரைக் கொல்லவில்லை. அவர் எழுதி வைத்திருந்ததை ஒருவரும் படிக்காததால் செத்தார். அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கைகூப்பும் படம் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் போட்டிருக்கும் பனியனின் உள்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, பக்கத் தையலில் ஒரு சின்னத் துணித்துண்டு இருக்கும். வெந்நீரில் போடாதே, பிளீச் செய்யாதே, இஸ்திரிச் சூட்டைக் குறை என்று படங்களாகவும் நாலைந்து மொழிகளிலும் அதில் அச்சடித்திருக்கும். வாஷ்கேர் லேபிள் என்பார்கள். பாய் அருள்புரத்தில் அதைத்தான் அச்சடித்தார். நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் வந்த நாள் முதல் பெட்டி கட்டும் நாள் வரை அதன் பின்னாலேயே ஓடுவது என் வேலை. லேபிள் வராமல் தையல் முடியாது. பாயோ சொன்ன நாளில் லேபிள் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ஆகவே எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. "நாளைக்குக் காத்தால உங்க டேபிள்ல இருக்குமுங்க அம்மணி" என்பார். எந்த நாளைக்கு என்று கேட்டால், "நீங்க கோவிச்சுக்கறதப் பாத்தா இன்னைக்கே குடுத்தரலாம்னுதான் தோணுதுங்க. மிசினு ஒத்துக்கோணுமல்லோ" என்பார்.

அவரிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டைக் காலரைத் திருப்பி லேபிளைப் பார்ப்பார். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் சரி. அந்த மனிதர் துள்ளி எழுந்தால், "உக்காருங்க சாமி, நம்ம சரக்கான்னுதான் பாத்தனுங்க" என்று தோளில் தட்டுவார். மும்தாஜ் அக்கா, அவருடைய மனைவி, இதற்காகவே அவரோடு விசேஷங்களுக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல இரண்டு சின்னச் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. அட்ரினல் என்று பெயர். காய்ச்சலோ அடியோ அதிர்ச்சியோ வந்தால் உடம்பு தாக்குப் பிடிப்பது அவை சுரக்கிற ஒரு பொருளால்தான். பாய்க்கு அவை வேலை செய்வதை நிறுத்திவிட்டன. அந்தப் பொருளை அவர் தினமும் மாத்திரையாக விழுங்கி வந்தார். காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். வாந்தி வந்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் ஊசி போட வேண்டும். ஊசி தாமதமானால் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். அந்த ஊசி ஏதோ கடல் கடந்து வருவது இல்லை. மூச்சிரைப்புக்கும் ஒவ்வாமைக்கும் போடுகிற அதே ஹைட்ரோகார்டிசோன்தான். எந்த மருத்துவமனையின் அவசர சிகிச்சை அறையிலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். நோய்தான் அபூர்வம், மருந்து அபூர்வம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த விவரம் எனக்குத் தெரியவந்தது எங்கள் பேக்கிங் பிரிவின் வாசலில். அங்கே உள்ளே இரும்பு போகக் கூடாது. குழந்தைகள் போடுகிற துணிக்குள் உடைந்த ஊசிமுனை ஏதும் சிக்கியிருக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு துணியும், இரும்பு பட்டால் கத்துகிற ஒரு இயந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். அந்த அறைக்குள் போகிறவர்கள் வளையல், ஊக்கு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாசலிலேயே ஒரு தட்டில் போட்டுவிட வேண்டும். லேபிள் மாறிவிட்டது என்று நான் கூப்பிட்டதால் பாய் பார்க்க வந்திருந்தார். மணிக்கட்டில் ஒரு இரும்பு வளையம்.

"கைல இருக்கறதக் கழட்டிருங்க பாய். உள்ள மெட்டல் போகக்கூடாதுங்க" என்றார் காவலாளி.

"இத மெட்டல்னு பாக்காதீங்க. இதுல என்ற உசுரு இருக்குது."

"உசுரு உங்ககிட்டயே இருக்கட்டுங்க, வளையத்த மட்டும் தட்டுல போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். பாய் சிரிக்கவில்லை. வாசலில் நின்று ஒரு பாட்டம் சத்தம் போட்டார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருடைய விதி, யாருக்கும் விலக்கு இல்லை என்று மேலாளரே வந்து சொன்ன பிறகு கழற்றினார். ஊக்குகளுக்கும் சாவிகளுக்கும் நடுவே கிடந்த அதை எடுத்துப் பார்த்தேன். அட்ரினல் என்று தொடங்கும் இரண்டு ஆங்கிலச் சொற்கள், அவர் பெயர், ஊசியின் பெயர். நான் கேட்டதற்கு, மேலே எழுதியிருப்பதையெல்லாம் அங்கேயே நின்று சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு பிள்ளைச் சட்டையைக் கையில் எடுத்தார். அதன் லேபிளை விரலால் நிமிண்டிக்கொண்டே நின்றார்.

"இந்தப் பொடிசு சட்டைக்கு அஞ்சு பாஷைல எழுதறமுங்க அம்மணி. சுடுதண்ணில போடாத, முறுக்கிப் பிழியாத, நெழல்ல காயப்போடுன்னு. இது கெட்டுப்போனா வேற ஒண்ணு வாங்கிக்கலாம். மனுசனுக்கு எவன் எழுதறான்?"

அடுத்த முறை வந்தபோது தன் சட்டையின் பக்கத் தையலை என்னிடம் திருப்பிக் காட்டினார். சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்து. தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. "எனக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாது. மயங்கிக் கிடந்தால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே போடவும். என் மாத்திரையை நிறுத்தக் கூடாது." கீழே மனைவியின் தொலைபேசி எண். "இதுக்கு உங்க மிசினு கத்தாதல்லோ? நான் மயங்கிக் கெடந்தா என்ற சட்டை பேசோணும்" என்றார். கம்பெனி வாசல்தோறும் கழற்றி மாட்டிய வளையத்தை அன்றோடு வீட்டில் வைத்துவிட்டார்; அவர் போட்ட ஒவ்வொரு சட்டையிலும் இந்த லேபிள் இருந்தது. அதுதான் நான் சொல்ல வருகிற விஷயம்.

அதோடு நின்றிருந்தால் அவர் பாயாக இருந்திருக்க மாட்டார். எங்கள் நிறுவனத்தில் தீ அணைப்பது, முதலுதவி செய்வது என்று பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். அதில் தனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று பர்சனல் மேலாளரிடம் போய் நின்றார். "எதுக்குங்க பாய்? இதெல்லாம் லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. நம்மகிட்ட அத்தன ஆளே இல்லியே" என்றார் மேலாளர். பாய் மேசையிலிருந்த தம்ளரைக் காட்டி, "அந்த ஒருத்தனுக்கு இப்பத்தான் டீ குடுத்தீங்க. குடிச்சுட்டு உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கறனுங்க" என்றார். நேரம் கிடைத்தது.

பேச்சு என்றால் பெரிய பேச்சு இல்லை. சட்டையைத் தூக்கி லேபிளைக் காட்டினார், நோயைச் சொன்னார், "உங்கள்ல யாருக்காவது, உங்க ஊட்டுல யாருக்காவது, டாக்டர் பேரு சொல்லி உங்களுக்கு வாய்ல நொழையாத நோய் இருந்தா என்கிட்ட வாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். ஆனால் மாலையில் செக்கிங் பிரிவுப் பெண் ஒருவர் வந்தார். அவர் மகனுக்கு அடிபட்டால் ரத்தம் உறையாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியருக்கே அது தெரியாதாம். ஒடிசாவிலிருந்து வந்த தையல்காரர் ஒருவரும் வந்தார். அரிவாள் வடிவ ரத்த அணு நோய். வலி வந்து அவர் சுருண்டு படுக்கும்போதெல்லாம் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சூப்பர்வைசர் அரைநாள் விடுப்புப் போட்டிருக்கிறார். பாய் தன் ஓட்டை இந்தியில் அவரிடம் விசாரித்து, இந்தியிலும் தமிழிலும் லேபிள் அடித்துக் கொடுத்தார். எங்கள் லேபிள் சொன்ன நாளில் வரவில்லை, அது வந்தது. "அபூர்வ நோய், அபூர்வ நோய்ங்கறாங்க. நான் என்ன மாணிக்கக் கல்லா, ஒளிச்சு வெச்சுக்கறதுக்கு?" என்பது அந்தக் காலத்தில் அவர் அடிக்கடி சொன்னது.

உம்ராவுக்காக மக்கா போவதற்கு முன்பு என்னிடம் ஒரு கவலையோடு வந்தார். இஹ்ராம் என்பது ஆண்களுக்குத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணி. "தையலே இல்லாத துணில லேபிள எங்கீங்க வெக்கறது? இத்தன வருசத்துல இந்த சாம்பிள் எனக்கு வந்ததே இல்லீங்க" என்றார். கடைசியில் இடுப்புப் பையில் அரபியில் எழுதிய லேபிளை ஒட்டிக்கொண்டு போய்வந்தார். அந்த அரபியைத் திருத்தி எழுதிக் கொடுத்த பள்ளிவாசல் இமாமிடமும் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறார்.

என் மகள் தர்ஷினியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் கல்லூரியில் சேர்ந்த புதிதில் கறுக்கத் தொடங்கினாள். வெயில் என்றார்கள். விரல் மூட்டும் உள்ளங்கை ரேகையும் கூடக் கறுத்தபோதும் வெயில் என்றே சொன்னார்கள். என் நாத்தனார் முகத்துக்குப் பூச ஒரு கிரீம் வாங்கி வந்தார். இளைத்தாள், டயட் என்றார்கள். ஊறுகாயை வெறும் வாயில் தின்றாள், உப்பை உள்ளங்கையில் வைத்து நக்கினாள். போன மருத்துவமனையிலெல்லாம் சத்து டானிக் கொடுத்தார்கள். ஒருநாள் சாதாரணக் காய்ச்சலில் நினைவிழந்து, கோவையில் சேர்த்து, ஒரு வயதான மருத்துவர் அவள் கையை விரித்துப் பார்த்துவிட்டு, கறுப்புக்கும் உப்பு ஆசைக்கும் காரணம் அட்ரினல் என்றார். அந்தச் சொல்லை நான் முன்பே ஒரு இரும்பு வளையத்தில் படித்திருந்தேன். அந்த ஒரே காரணத்தால் அன்று நான் பயந்து சாகவில்லை. அந்த வளையத்துக்குச் சொந்தக்காரரோடு அன்று காலையில்கூடத் தொலைபேசியில் சண்டை போட்டிருந்தேன். அவர் உயிரோடு, நல்ல கோபத்தோடு இருந்தார்.

பாய் மறுநாளே ஒரு பாட்டில் உப்பு மாங்காயோடு வந்து நின்றார். "வா கண்ணு, நம்ம கட்சிக்கு வா. உப்புக் கட்சி. ஆளு கம்மி, ஆனா சவுண்டு அதிகம்" என்றார். பல நாளுக்குப் பிறகு என் மகள் அன்றுதான் சிரித்தாள். அவளுக்கென்று ஒரு சுருள் லேபிளும் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் நாத்தனாருக்கு முகம் மாறிவிட்டது.

"பொட்டப்புள்ளைக்கு இதையெல்லாம் எழுதித் தெச்சு உடாதீங்க. நாளைக்கு எவனுங்க பொண்ணு கேட்டு வருவான்?"

"உசுரோட இருந்தா வருவானுங்க" என்றார் பாய்.

ஆனாலும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். லேபிள் உள்பக்கத் தையலில், வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று. பாயுடையதும் அப்படித்தானே இருந்தது. வாஷ்கேர் லேபிளுக்கு இடம் அதுதான், இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள்.

இனி அந்த நாள். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். குன்னத்தூரில் ஒரு நூல் வியாபாரி வீட்டுக் கல்யாணம். மும்தாஜ் அக்கா மகள் வீட்டுக்குத் திண்டுக்கல் போயிருந்ததால் பாய் தனியாகப் பஸ்ஸில் போயிருக்கிறார். ஊசி மருந்து இருந்த பையை மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அறையில் வைத்திருக்கிறார். பந்தியில் ஏதோ கெட்டுப்போயிருந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்கு வாந்தி எடுத்தது, பாய்க்கும் எடுத்தது. மாத்திரையைப் போட்டு, அதையும் வாந்தி எடுத்து, பையைத் தேடிப் போகும் வழியில் விழுந்துவிட்டார். கல்யாண வீட்டார் நல்லவர்கள். எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றி, அவிநாசி போகிற வழியில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய நோய் அவர்களில் யாருக்கும் தெரியாது. பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒன்றுதான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

எல்லோருக்கும் ஒரே குளுக்கோஸ், ஒரே வாந்தி ஊசி. மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டார்கள். பாய் எழவில்லை. வயதானவர், கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். சாயங்காலம் பிரஷர் ஏறவில்லை, கோவைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் பாதிவழியில் இருக்கும் கருமத்தம்பட்டியைத் தாண்டவில்லை.

மறுநாள் அவர் வீட்டில் கிடத்தியிருந்தபோது பார்த்தேன். குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அதிலும் தையல் இல்லை. இந்த சாம்பிள் எனக்கு வந்ததே இல்லீங்க என்ற குரல் காதில் கேட்டது, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆண்கள் பள்ளிவாசலுக்குக் கிளம்பிய பிறகு மும்தாஜ் அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரை என் மடியில் வைத்தார். மருத்துவமனையில் கொடுத்தது. உள்ளே அவர் போட்டிருந்த சட்டை. வாந்தி நாற்றம் போகவில்லை. நான் பக்கத் தையலைத் திருப்பினேன். சிவப்பாக, சுத்தமாக, ஒரு எழுத்துக்கூட அழியாமல் இருந்தது.

"பேசுச்சா இந்தச் சட்டை?" என்று கேட்டார் அக்கா.

சில நாள் கழித்து இருவரும் அந்த மருத்துவமனைக்குப் போனோம். அன்று பணியில் இருந்த மருத்துவர் எங்களை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். "ஃபுட் பாய்சன்னுதாங்க பாத்தோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு. இது ரொம்ப ரேர்ங்க மேடம். யாருமே எதிர்பாத்திருக்க முடியாது" என்றார்.

யாருமே என்றால் என்ன அர்த்தம்? அவர் எதிர்பார்த்தாரே! எதிர்பார்த்துத்தான் எழுதி, அச்சடித்து, தைத்து, உடம்பில் போட்டுக்கொண்டு உங்கள் கட்டிலில் வந்து படுத்தார். நீங்கள் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. படித்தால் போதும். அபூர்வம் என்ற சொல்லை ஒரு விடுப்புச் சீட்டு போலச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது எடுத்து நீட்டுகிறார்கள். நான் இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். "சட்டையக் கழட்டினது யாரு?" என்று கேட்டேன்.

ஒரு நர்ஸ் வந்தார். தெற்கத்திப் பெண், குடும்பத்தோடு இங்கே பிழைக்க வந்தவர். அம்மாவும் அண்ணனும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்களாம். அவர் பொய் சொல்லவில்லை, அதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

"நான்தான்க்கா கழட்டுனேன். லேபிளயும் பாத்தேன், சிவப்பா இருந்துச்சு. எல்லாச் சட்டையிலயும்தானக்கா லேபிள் இருக்கு. எங்க வீட்ல எல்லாரும் உடுத்துறதே எக்ஸ்போர்ட் மிச்சம்தான். அதுல என்னென்னமோ பாஷைல எழுதிருப்பாவ, யாரு படிக்கா?" என்றவர் அழத் தொடங்கிவிட்டார். "ஆதார் கார்டு இருக்கான்னு பையில பாக்கச் சொன்னாவ. அதான் பாத்தேன்."

ஆதார் அட்டை அதே சட்டையின் பையில் இருந்தது. அட்டையை எடுத்த கைக்கு ஒரு சாண் கீழே அவர் உயிர் தைத்திருந்தது. அட்டையைத் தேடச் சொல்ல ஆள் இருந்தது. நோயாளி உடம்பில் வேறு ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியவர் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லிக்கொண்டு எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எங்கள் ஊர் மேலும் கோபம் இருக்கிறது. இங்கே ஒரு பிள்ளைச் சட்டையைப் பெட்டியில் போடுவதற்குள் எத்தனை பேர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நூல் கொஞ்சம் தொங்கினால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். லேபிள் தலைகீழாக இருந்தால் மொத்த சரக்கையும் நிறுத்திப் பிரிப்போம். அதெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து குறை சொல்லிவிடுவாரே என்ற பயத்தில். அந்தச் சட்டைக்குள் ஒரு மனிதர் வந்தால் மட்டும் நம் கண் அவிந்துவிடுகிறது. பாய் இந்த ஊரை நம்பித்தான் அந்த இடத்தில் எழுதி வைத்தார். தையலைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த ஊர் என்று நினைத்துவிட்டார்.

நான் பெரிய திட்டம் எதையும் கேட்கவில்லை. மயங்கி வருகிறவரின் மணிக்கட்டைப் பாருங்கள், கழுத்தைப் பாருங்கள், பையையும் சட்டையையும் பாருங்கள். இருப்பதைப் படியுங்கள். படித்ததை நம்புங்கள். உங்கள் வீட்டில் பெயர் சொல்ல வராத நோய் யாருக்காவது இருந்தால் அதை ஒளிக்காதீர்கள். பாய் இருந்தால் இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று அவருடைய கோபம், அதை நான் ஆறவிடப் போவதில்லை. மற்றது என் மகளுக்கு அவர் அடித்துக் கொடுத்த சிவப்பு லேபிள் சுருள். பாதிக்கு மேல் மீதம் இருந்தது. நர்ஸ் சொன்னதை வீட்டில் சொன்ன அன்று தர்ஷினி அதை எடுத்து வைத்துக்கொண்டு தன் சுடிதார்களையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தாள். உள்தையலில் இருந்ததை எடுத்துவிட்டு, சுருளிலிருந்து புதிதாக வெட்டி, வெளியே, இடது தோளுக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துத் தைத்தாள்.

"உள்ள இருந்தா நூறு லேபிள்ல அதும் ஒரு லேபிள்மா. தப்பான எடத்துல இருந்தாத்தான் இந்த ஊர்ல நின்னு பாப்பாங்க" என்றாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உசுரோட இருக்கறேன் அத்தை. வர்றவன் படிச்சுட்டு வரட்டும்" என்றாள் என் மகள்.

அடுத்த வாரம் இருவரும் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார், சாப்பாட்டுப் பையோடு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர். சட்டை பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஏறியதிலிருந்து தர்ஷினியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் குனிந்தார்.

"ஏங்கண்ணு, லேபிள வெளிய வெச்சுத் தெச்சுட்டாங்க பாரு. எந்தக் கம்பெனி இது, செக்கிங்ல ஆளே இல்லியா?"

"படிச்சுப் பாருங்கக்கா" என்றாள் தர்ஷினி.

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி எழுத்துக் கூட்டிப் படித்தார். சத்தமாகத்தான் படித்தார். எனக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாது. மயங்கிக் கிடந்தால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே போடவும். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படித்து முடித்து என் மகள் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ஊசிய எங்க வெச்சிருக்கற கண்ணு?"

தர்ஷினி தோள்பையின் முன் ஜிப்பைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதையும் ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

"செரி. நான் தெனமும் இந்த பஸ்லதான் வருவேன்" என்றார்.